டைரக்டர் திஹோமிரின் ஒருநாள் சாவு

திஹோமிர் அய்வர் கம்பெனி ஆரம்பித்த வருடம் அவன் வீட்டுச் சேவல் ஊரை விட்டுப் போனது. தான் கூவுவதற்கு முன்பே இந்த மனிதன் எழுந்து முற்றத்தில் அடுப்பு மூட்டிவிடுவதை அது சில வாரம் பொறுத்துப் பார்த்தது. கொஞ்சம் முன்னதாக எழுந்து கூவியும் பார்த்தது. அதற்கும் முன்னால் அவன் எழுந்தான். கடைசியில் வேலியைத் தாண்டி அடுத்த ஊருக்கு நடையைக் கட்டிவிட்டது. அங்கே இப்போது கௌரவமாக வாழ்கிறது. அந்த ஊர்க்காரர்களைக் கேட்டால் காட்டுவார்கள்.

லெஸ்கோவாட்ஸ் பக்கத்து மண்ணில் விளையும் நீளமான சிவப்புக் குடமிளகாய்க்கு உறைப்பு கிடையாது, திமிர் உண்டு. அதை விறகடுப்பில் கருகச் சுட்டு, தோலுரித்து, அரைத்து, அகலமான அண்டாவில் எண்ணெய் ஊற்றி அரை நாள் கிளறி இறக்கும் தொக்குதான் அய்வர். திஹோமிரின் ஊரான டோலாட்ஸில் அது தயாராகாமல் எந்த வீட்டுக்குள்ளும் குளிர்காலம் நுழையாது. ஜாடிகள் நிரம்பும்வரை வாசலிலேயே நிற்கும்.

திஹோமிர் வேலை பார்த்த நூல் மில் மூடியபோது அவன் ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தான். மற்றவர்கள் ஆஸ்திரியாவுக்கு பஸ் ஏறினார்கள். அவன் ஒரு அண்டா வாங்கினான். சில வருடங்களில் அவன் ஜாடி பெல்கிரேடு கடைகளுக்குப் போனது, அங்கிருந்து வியன்னாவுக்கும் போனது. அவன் தெருவிலேயே இருக்கும் பெர்சிதாவின் மகள் வியன்னாவில் வீட்டுவேலை பார்க்கிறாள்; அவள் அதை ஒரு கடையில் பார்த்துப் படமெடுத்து அனுப்ப, அந்தப் படம் டோலாட்ஸ் முழுக்கச் சுற்றியது. லேபிளின் அடியில் எறும்பு அளவு எழுத்தில் ஊரின் பெயர் இருந்தது. அதை வாசிப்பதற்காகவே சிலர் டவுனுக்குப் போய்க் கண்ணாடி மாற்றிக்கொண்டார்கள். அன்றிலிருந்து திஹோமிருக்கு ஊரில் டைரக்டர் என்று பெயர். பாதி கிண்டல், பாதி பெருமை. எது எந்தப் பாதி என்று சொல்கிறவர்களுக்கே தெரியாது.

டைரக்டருக்கு ஒரு வியாதி இருந்தது. எல்லாவற்றையும் அவனேதான் செய்ய வேண்டும். இரண்டு ஆட்களை வேலைக்கு வைத்தான்; அவர்கள் உரித்த மிளகாயை அவர்கள் கண்ணெதிரிலேயே மறுபடி உரித்தான். தோல் இல்லாத மிளகாயைத் தோலுரிக்கும் அந்தத் திறமையைப் பார்த்து மிரண்டுபோய் அவர்களும் பஸ் ஏறிவிட்டார்கள். மனைவி தெசாங்கா தபாலாபீஸ் வேலை முடிந்து வந்து ஜாடிகளுக்கு மூடி திருகினால், அவள் முதுகு திரும்பியதும் எல்லா மூடியையும் கழற்றி மறுபடி திருகுவான். பக்கத்து வீட்டுக் காலைக் காபிக்குப் போவதை நிறுத்தினான். விருந்துக்கு அழைத்தால் தான் போகாமல் ஜாடி அனுப்பினான். கவலையை இறக்கி வைக்க ஆள் இல்லாததால் அதை உள்ளேயே குடிவைத்தான். அது அங்கே குடும்பம் நடத்தி, பேரன் பேத்தி எடுத்தது. டவுன் மருந்துக்கடை எடை மெஷினில் அவன் ஏறியபோது, ஒரு முறைக்கு ஒருவர் மட்டும் ஏறவும் என்று அந்த மெஷின் எழுதிக் காட்டியது.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டு ஊர் எப்படிக் கையைக் கட்டி நின்றது என்று கேட்கலாம். அதற்கு மோபாவின் சட்டம் தெரிய வேண்டும். ஒரு வீட்டுக்குத் தாங்க முடியாத வேலை வந்தால் ஊரே கூடி ஒரே நாளில் முடித்துக் கொடுப்பது மோபா. கூலி கிடையாது, சாப்பாடு, ராக்கியா என்ற பழச்சாராயம், பாட்டு உண்டு. ஆனால் வேலைக்குச் சொந்தக்காரன் தன் காலால் நடந்து, ஒவ்வொரு வாசலிலும் நின்று, தன் வாயால் அழைக்க வேண்டும். மனைவி அழைத்தால் செல்லாது. போனில் அழைத்தால் கேவலம். அழைக்காமல் போய் நின்றாலோ, உன்னால் முடியாது என்று அவன் முகத்துக்கு நேரே சொன்னதாகிவிடும். பேரப்பிள்ளைகள் காலம்வரை பேச்சுவார்த்தை இருக்காது. இன்னொன்றும் உண்டு. மற்றவர்கள் அழைக்கும்போது நீயும் போக வேண்டும். உன் ஆள் இல்லை, உன் பணம் இல்லை, நீ.

எதிர்வீட்டுத் தச்சன் ஜிவாதின் தன் கூரையை மாற்ற மோபா அழைத்தபோது டைரக்டருக்கு நேரமில்லை. லாரிக்காரரிடம் ஒரு பெட்டி அய்வர் கொடுத்தனுப்பினான். ஜிவாதின் அந்தப் பெட்டியை உள்ளே கொண்டுபோகாமல் வாசல் கல்லின் மேல் வைத்தான். குளிர்காலம் முழுக்க அது அங்கேயே இருந்தது. பனிகூட அதன்மேல் விழவில்லை, சுற்றிலும் விழுந்தது.

அடுத்த செப்டம்பரில் மிளகாய் மொத்தமும் ஒரே வாரத்தில் பழுத்தது. நோவி ஸாட் நகரத்து வியாபாரி ஒருவர் எல்லாச் சரக்கையும் ஒரே தடவையில் எடுப்பதாகச் சொல்லியிருந்தார். பாதி என்றால் வேண்டாம் என்றும் சொல்லியிருந்தார். திஹோமிர் முற்றத்தில் கொட்டிய குவியல் அங்கிருந்த பிளம் மரத்தை மறைத்தது. ஆட்டைத் தொலைத்தவர்கள் அதன்மேல் ஏறி நின்று தேடினார்கள். மழை இறங்குவதற்குள் அத்தனையும் அடுப்பைப் பார்த்தாக வேண்டும். இல்லாவிட்டால் அழுகும், அழுகினால் கம்பெனியை மூட வேண்டியதுதான். திஹோமிர் ஒற்றை ஆளாக வேலையில் இறங்கினான். வாரம் பாதி கடப்பதற்குள், கையில் கிளறுகட்டையோடு அண்டாவுக்குப் பக்கத்தில் சரிந்து விழுந்தான். கட்டையை விடவில்லை. தெசாங்காவும் ஓடிவந்த ஊர் நர்ஸும் தூக்கிக் கட்டிலில் போட்டபோதும் அவன் கை தன்பாட்டுக்குக் காற்றைக் கிளறிக்கொண்டிருந்தது.

நர்ஸ் ரூஷிட்சா ரத்த அழுத்தம் பார்த்தாள். முள் முழுதாக ஒரு சுற்றுச் சுற்றி, புறப்பட்ட இடத்துக்கே வந்து நின்றதால், எல்லாம் நன்றாக இருக்கிறது என்று முதலில் நினைத்துவிட்டாள். பிறகு சந்தேகம் வந்து டாக்டரை வரவழைத்தாள். டாக்டர் வெகுநேரம் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, இதயம் இன்னும் ராஜினாமா செய்யவில்லை, பேனாவைத் தேடிக்கொண்டிருக்கிறது என்றார். எழுந்து வேலை செய்தால் அடுத்த தடவை தன்னைக் கூப்பிட வேண்டாம், பாதிரியாரைக் கூப்பிட்டால் போதும் என்றார். மாத்திரை எழுதி முடித்து, மனதில் இருப்பதை யாரிடம் சொல்வீர்கள் என்று கேட்டார். திஹோமிர் கொஞ்சம் யோசித்து, ஜாடி சப்ளை செய்கிறவர், லேபிள் அடிக்கிறவர், லாரிக்காரர் என்று சொன்னான்.

"நான் மனுஷங்களைக் கேட்டேன்," என்றார் டாக்டர்.

"லாரிக்காரர் மனுஷர்தான் டாக்டர். தங்கமானவர்."

"அவர்கிட்ட என்ன பேசுவீங்க?"

"லாரி எப்ப வரும்னு."

டாக்டர் மருந்துச் சீட்டைத் திரும்ப வாங்கி, அடியில் இன்னொரு வரி சேர்த்தார்: ஆட்கள், வேளைக்கு இரண்டு பேர், சாப்பாட்டுக்குப் பின். மருந்துக்கடையில் ஸ்டாக் இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

மோபா அழைக்கலாமே என்றாள் தெசாங்கா. திஹோமிர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். கம்பெனி நடத்துகிறவன் வாசல் வாசலாக ஏறி இறங்கினால், தனக்கு நடத்தத் தெரியவில்லை என்று தானே தமுக்கடித்த மாதிரி. அதிலும் எதிர்வீட்டு வாசலில் போய் நிற்பதை அவனால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. ஜன்னல் வழியாகக் குவியல் தெரிந்தது. அடியில் கிடந்த சில மிளகாய்கள் மெத்தென்று ஆகத் தொடங்கியிருப்பதை அவன் படுத்தபடியே மூக்கால் கண்டுபிடித்தான். கொஞ்சம் தலைசுற்றல் நின்றதும் எழுந்துவிடலாம் என்று திட்டம் போட்டான். அப்படி எழுந்துவிடுவான் என்பது தெசாங்காவுக்கும் தெரியும். எழுந்தால் ஆளும் போவான், குவியலும் போகும்.

அவள் பிளாகோயேவைத் தேடிப் போனாள். பிளாகோயே திஹோமிருக்குக் கும். கல்யாணத்தில் பக்கத்தில் சாட்சியாக நின்றவன், பிள்ளைகளுக்கு ஞானத்தகப்பன். கூடப்பிறந்தவனோடு சண்டை போட்டுப் பேசாமல் இருக்கலாம், கும்மோடு முடியாது. ஆனால் கும்மும்கூட அழைக்காமல் மோபாவுக்கு வர முடியாது. அவன் டவுனில் இரங்கல் நோட்டீஸ் அச்சடிக்கும் கடை வைத்திருந்தான். அந்தப் பக்கத்தில் ஒருவர் இறந்தால், போட்டோவும் கறுப்புக் கட்டமும் போட்ட நோட்டீஸ் மின்கம்பங்களிலும் அவர் வீட்டு வாசலிலும் ஏறிவிடும். தெசாங்கா சொன்னதையெல்லாம் அவன் பொறுமையாகக் கேட்டான். கேட்டு முடித்து, திஹோமிரின் நல்ல போட்டோ ஒன்று கிடைக்குமா என்றான்.

மறுநாள் காலை திஹோமிர் கண் விழித்தபோது கும் தலைமாட்டில் மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்தான். அலமாரிக் கண்ணாடியைத் துணி போட்டு மூடியிருந்தார்கள்.

"என்னடா பண்ற?"

"அசையாத கும். நீ செத்து கொஞ்ச நேரம் ஆச்சு."

பிளாகோயே நோட்டீஸை விரித்துக் காட்டினான். உழைத்து உழைத்து ஊரை மறந்த எங்கள் டைரக்டர் திஹோமிர் இன்று காலை வேலையிலிருந்து இளைப்பாறினார், இறுதி மரியாதை அவர் வீட்டு முற்றத்தில் நடைபெறும், மலர் வேண்டாம், கத்தி கொண்டுவரவும் என்று இருந்தது. போட்டோவில் திஹோமிர் சிரித்துக்கொண்டிருந்தான். அது மில்லில் வேலை பார்த்த காலத்துப் படம். அதற்குப் பிறகு சிரித்த படம் எதுவும் தெசாங்காவுக்குக் கிடைக்கவில்லை.

திஹோமிர் எழப் பார்த்தான். ரூஷிட்சா தோளை அமுக்கிப் படுக்க வைத்தாள். பிளாகோயே கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து விளக்கினான். மோபாவுக்கு அழைக்காமல் போகக் கூடாது. சாவு வீட்டுக்கோ யாரும் யாரையும் அழைப்பதில்லை. அழைக்காமல் வந்து, கேட்காமல் வேலையைக் கையில் எடுத்துக்கொள்கிற ஒரே இடம் அதுதான். பகையாளியும் அன்று ஒருநாள் பகையைச் செருப்போடு வாசலில் விட்டுவிட்டு உள்ளே வருவான்.

"ஊரை ஏமாத்தப் பாக்குறியா?" என்றான் திஹோமிர்.

"யாரு ஏமாறப் போறா? நேத்து நீ நர்ஸைத் திட்டினது பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டுச்சு. நீ உசுரோட இருக்கன்னு ஊருக்கே தெரியும். உள்ள வர்றதுக்கு அவங்களுக்கு ஒரு சாக்கு வேணும்டா. அச்சடிச்சுக் கொடுத்திருக்கேன்."

"நான் யாரையும் கேக்கலையே."

"செத்தவன் எப்படிக் கேப்பான்? அதுக்குத்தான் உன்னைக் கொன்னது. படு."

வாசலில் காலடிச் சத்தம் கேட்டது. திஹோமிருக்கு வேறு வழி இல்லை. கண்ணை மூடிக்கொண்டான்.

முதலில் பெர்சிதா வந்தாள், ஒரு கையில் கத்தி, இன்னொரு கையில் சர்க்கரையும் வால்நட்டும் கலந்த சாவு வீட்டுக் கோதுமை. அவளுக்குப் பின்னால் தெருவே வந்தது. யார் முகத்திலும் சிரிப்பு இல்லை. அர்செனியே பாதிரியார் வாசலிலேயே நின்று, உயிருள்ளவனை அடக்கம் செய்யத் தனக்கு அதிகாரம் கிடையாது என்றார். மிளகாயை ஆசீர்வதிக்கத் தடை எதுவும் இல்லை என்றும் சொல்லி, ஒரு கத்தி கேட்டார். செத்தவர் மேல் பூனை தாண்டினால் அவர் காட்டேரியாக எழுந்து வருவார் என்று ஊரில் ஒரு பயம் உண்டு. ஆகவே தெசாங்கா பூனையைப் பிடித்துத் தபாலாபீஸில் பூட்டிவிட்டு வந்தாள். இவன் காட்டேரியானால் யார் ரத்தத்தையும் குடிக்க மாட்டான், நைட் ஷிப்ட் ஆரம்பித்துவிடுவான் என்பது அவள் கவலை.

வந்தவர்கள் முறைப்படி முதலில் கட்டிலருகே வந்தார்கள். செத்தவரைப் பற்றி நல்லது மட்டும்தான் பேச வேண்டும் என்பதால் அந்தச் சட்டத்தை ஒழுங்காகக் கடைப்பிடித்தார்கள். ஊரில் எல்லோரும் மூட்டை கட்டிய காலத்தில் இவன் ஒருத்தன் அண்டா வாங்கினான் என்றார் ஒருவர். டவுனில் யாராவது எந்த ஊர் என்று கேட்டால் முன்பு பக்கத்து ஊர்ப் பெயரைச் சொல்லிச் சமாளிப்பேன், இப்போது டோலாட்ஸ் என்று சொன்னால் அய்வர் டோலாட்ஸா என்று கேட்கிறார்கள் என்றார் இன்னொருவர். பெர்சிதா அவன் நெற்றியைத் தொட்டாள்.

"என் மக முதலாளியம்மாகிட்ட ஜாடியைக் காட்டி, இது எங்க தெருவுல செஞ்சதுன்னு சொன்னாளாம்பா. அதுக்கப்புறம் அந்தம்மா அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடுறாங்களாம்."

இதைத் திஹோமிர் அன்றுதான் கேள்விப்பட்டான். யாரும் அவனிடம் சொல்லவில்லை என்பதில்லை; சொல்வதற்கு அவன் காபிக்கு வரவில்லை. மூடிய கண்ணிலிருந்து ஏதோ வழிந்தது. செத்தவருக்கு வியர்க்கிறது என்று பெர்சிதா துடைத்துவிட்டாள்.

கடைசியாக ஜிவாதின் வந்தான். தொப்பியைக் கழற்றிக்கொண்டு கட்டிலருகே நின்றான்.

"நல்லாத்தான் இருக்கான்," என்றான் ஜிவாதின். "இவன் இவ்வளவு அடக்கமா இருந்து நான் பாத்ததே இல்ல."

முற்றத்துக்குப் போய், இருந்ததிலேயே அனல் அதிகமான அடுப்பின் முன் உட்கார்ந்துகொண்டான்.

பிறகு ஜன்னல் வழியாகச் சத்தங்கள் மட்டும் வந்தன. மிளகாய்த் தோல் வெடிக்கும் சத்தம், பெண்கள் உப்பைப் பற்றிச் சண்டை போடும் சத்தம், பாதிரியார் யாருக்கும் கேட்காது என்று நினைத்துப் பாடும் கல்யாணப் பாட்டு. எல்லாவற்றுக்கும் அடியில் அண்டாவில் கட்டை உரசும் சத்தம். திஹோமிரின் காது அதிலேயே இருந்தது. கிளறுவது ஒரு மூச்சு நின்றாலும் அடி பிடிக்கும். அடி பிடித்தால் அண்டா முழுக்கக் கசக்கும். இத்தனை வருடமும் மூக்கு அரித்தாலும் சொறியாமல் அவன் ஒருவனே கிளறியிருக்கிறான்.

திடீரென்று உரசும் சத்தம் நின்றது.

திஹோமிரின் உடம்பு கட்டிலை விட்டு எழும்பியது. நர்ஸ் அவன் நெஞ்சில் கை வைத்தாள். அவன் வாயைத் திறப்பதற்குள் சத்தம் மறுபடி ஆரம்பித்தது, ஆனால் வேறு தாளத்தில். ஒரு கை ஓய்ந்து இன்னொரு கை வாங்கியிருக்கிறது. கொஞ்ச நேரத்தில் அதுவும் மாறியது. இப்போது மெதுவான, ஆழமான உரசல், யாரோ பெரிய தோள் உள்ளவர். கட்டையைக் கைமாற்றலாம் என்பது அவனுக்கு இதுவரை தோன்றியதே இல்லை. அது யார், இது யார் என்று தாளத்தை வைத்து ஊகித்துக்கொண்டே கிடந்தான். ஐந்தாவது கையோ ஆறாவது கையோ வாங்கியபோது தூங்கிப்போனான். அந்தத் தூக்கத்தைப் பற்றி ஊரில் இன்னும் பேசுகிறார்கள். அவன் விட்ட குறட்டையில் மெழுகுவர்த்தி அணைந்தது. துக்கம் விசாரிக்கப் புதிதாக வந்தவர்களிடம், அது பக்கத்து அறையில் விறகு அறுக்கிறார்கள் என்று தெசாங்கா சொல்ல வேண்டியிருந்தது.

அவன் எழுந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. ஜாடிகள் சுவரோரம் வரிசையாக நின்றன. ஒன்றைத் திறந்து ருசி பார்க்கக் கொடுத்தார்கள். அவனுடையதைப் போல இல்லை. கொஞ்சம் புகை கூட, கொஞ்சம் இனிப்பு கூட. வாயில் வைத்துக்கொண்டு வெகுநேரம் குறை தேடினான். கிடைக்கவில்லை. அந்த ஏமாற்றத்தோடு இன்னொரு கரண்டி கேட்டான்.

ஆனால் குவியல் பாதிதான் கரைந்திருந்தது. மேற்கே மேகம் கறுத்துக்கொண்டிருந்தது. நாளைக்கும் வருவார்களா என்று கேட்டான் திஹோமிர்.

"எதுக்கு வருவாங்க?" என்றான் பிளாகோயே. "சாவு ஒருநாள்தான் கும். நாளைக்கு மறுபடி உன்னைக் கொன்னா எவன் நம்புவான்? என் கடை பேர் கெட்டுப்போகும்."

திஹோமிர் ஜாடிகளைப் பார்த்தான், குவியலைப் பார்த்தான். இன்று நடந்தது கும் செய்தது. நாளைக்கு நடக்க வேண்டியதை அவனைத் தவிர யாரும் செய்ய முடியாது. ஒன்று, தனியாக எழுந்து அடுப்பின் முன் உட்காரலாம்; அது எங்கே கொண்டுபோய் விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அல்லது ஊருக்கு முன்னால் வாயைத் திறக்க வேண்டும்.

காலையில் சட்டை மாற்றிக்கொண்டு வாசலுக்கு வந்தான். மெதுவாக நடக்கலாம், ஒவ்வொரு வாசலிலும் உட்கார வேண்டும் என்பது நர்ஸின் உத்தரவு. தெசாங்கா சமையலறை நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கூடவே நடந்தாள். மற்ற எந்த வீட்டிலிருந்து ஆரம்பித்தாலும் ஜிவாதினுக்குப் பயந்துதான் என்று ஊருக்குத் தெரிந்துவிடும் என்பதால், தெருவைத் தாண்டி நேரே எதிர்வீட்டுக்குப் போனான்.

ஜிவாதின் ஒரு பலகையை இழைத்துக்கொண்டிருந்தான். நிமிரவில்லை.

"யாரு?"

"நான்தான் ஜிவாதின்."

"நான்னா யாரு? எதிர்வீட்டுக்காரன் நேத்துத்தான் போய்ச் சேந்தான். நானே போயிட்டு வந்தேன்."

தெசாங்கா நாற்காலியைப் போட்டாள். திஹோமிர் உட்காரவில்லை. ராத்திரி முழுக்க மனதுக்குள் உருட்டி வைத்திருந்த நல்ல வார்த்தைகள் ஒன்றும் வரவில்லை.

"இன்னிக்கு எனக்கு மோபா. பாதிக் குவியல் கெடக்கு. என்னால தனியா முடியல. நீ வரணும்."

சொல்லிவிட்டு, ஏதாவது இடிந்து விழும் என்று காத்திருந்தான். ஒன்றும் விழவில்லை. இழைப்புளி இன்னும் கொஞ்ச தூரம் ஓடி நின்றது.

"ஒரு பெட்டி வால்நட் அனுப்பட்டுமா?" என்றான் ஜிவாதின். "லாரிக்காரன் சும்மாதான் இருக்கான்."

"வேணாம். நீ வா."

ஜிவாதின் பலகையிலிருந்த தூளை ஊதினான்.

"உன் இடது பக்க அடுப்புக்குக் கதவு சரியா மூடல. சூடு பூரா வெளிய போகுது. நேத்தே கவனிச்சேன். செத்தவன்கிட்ட சொல்லி என்ன ஆகப் போகுதுன்னு விட்டுட்டேன்."

சுத்தியலை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, அவனுக்கு முன்னால் தெருவைத் தாண்டினான்.

செய்தி திஹோமிரைவிட வேகமாக நடந்தது. அடுத்த வாசலிலிருந்து ஊர்க் கடைசிவரை எல்லோரும் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டே, வேறு ஏதோ வேலையாக வாசலுக்கு வந்தது போல நின்றார்கள். ஆனாலும் ஒருவரும் முறையை விட்டுக்கொடுக்கவில்லை. நாற்காலி போட வேண்டும், முழு வாக்கியமும் சொல்ல வேண்டும். பெர்சிதா சரியாகக் கேட்கவில்லை என்று மறுபடி சொல்லச் சொன்னாள்; அவள் காது அந்த ஜில்லாவிலேயே கூர்மையானது. முதல் வாசலில் கல்லாகக் கனத்த அந்த வாக்கியம் போகப் போக இலகுவானது. கடைசி வாசலில், சொந்த மகள் கல்யாணத்துக்கு அழைக்கிறவனைப் போல நெஞ்சை நிமிர்த்தி, கொஞ்சம் சத்தமாகவே அழைத்தான். நாற்காலியைத் தூக்கித் தூக்கித் தெசாங்காவுக்குத்தான் தோள் இறங்கிவிட்டது. யாரும் பார்க்காதபோது கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நாற்காலி கனம் என்று சொல்லிக்கொண்டாள்.

அன்றைக்கு நடந்த மோபாவை ஜில்லா அதற்கு முன் பார்த்ததில்லை. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் தகர அடுப்பு தூக்கிவந்தார்கள். அடுப்புகள் முற்றத்தில் அடங்காமல் தெருவில் நின்றன, தெருவில் அடங்காமல் தேவாலயச் சுவர்வரை போயின. பிளம் மரம் இடுப்புவரை வெளியே தெரிந்தது. திஹோமிரை மரத்தடியில் நாற்காலியில் உட்கார வைத்து, எதையும் தூக்கக் கூடாது என்று பக்கத்தில் நர்ஸைக் காவல் போட்டிருந்தார்கள். போகிறவர் வருகிறவரெல்லாம் அவன் முன் நின்று ஏதாவது ஒரு கதை சொல்லிவிட்டுப் போனார்கள். வேளைக்கு இரண்டு பேர் என்று எழுதிய டாக்டர் பார்த்திருந்தால் அளவு மீறிவிட்டது என்று பயந்திருப்பார்.

புகை ஒரே தூணாக எழுந்து மேலே போனது. வந்துகொண்டிருந்த மழைமேகம் அதில் முட்டி, வழி தெரியாமல் மாசிடோனியா பக்கம் திரும்பிப் போனது. டவுனில் அதைப் பார்த்தவர்கள் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போட, சிவப்பு வண்டி மணி அடித்துக்கொண்டு மலையேறி வந்து நின்றது. அதிகாரி இறங்கி, எங்கும் நெருப்பைத் தேடினார். எங்கும் நெருப்பு இருந்தது, ஒவ்வொன்றிலும் மிளகாய் இருந்தது.

"இது யாரு கம்பெனி? யாரு இந்தப் புகைக்குப் பொறுப்பு?"

திஹோமிர் நாற்காலியிலிருந்து எழப் போனான். அதற்குள் ஜிவாதின் கரிப்பிடித்த முகத்தோடு முன்னால் வந்தான்.

"புகை என் அடுப்போடது. என் பேரை எழுதிக்கங்க."

"உன் அடுப்போடதா?" என்றாள் பெர்சிதா. "மிளகாய் போட்டது யாரு? வெறும் அடுப்புலேருந்து இந்த வாசனை வருமா? சார், என் பேரை எழுதுங்க. மொதல்ல என் மக பேரை எழுதுங்க, அவ வியன்னாவுல இருக்கா."

விறகு தன் தோட்டத்தது என்று ஒருவர் சொன்னார். ஆசீர்வாதம் யாருடையது என்பதைக் கணக்கில் எடுக்க வேண்டாமா என்று பாதிரியார் பின்னாலிருந்து பணிவாகக் கேட்டார். சண்டை சூடு பிடித்தது. தன் கம்பெனியின் புகைக்காக ஊரே அடித்துக்கொள்வதைத் திஹோமிர் உட்கார்ந்து பார்த்தான். அவன் நெஞ்சு விரிந்ததில் சட்டைப் பித்தான் ஒன்று தெறித்து அண்டாவில் விழப் பார்த்தது. நர்ஸ் பயந்துபோய் ரத்த அழுத்தம் பார்த்தாள். முள் நல்ல பிள்ளையாக நடுவில் நின்றது. நம்பாமல் கருவியை உலுக்கித் தன் கையில் மாட்டிப் பார்த்தாள்.

அதிகாரிக்கு யார் பெயரை எழுதுவதென்று தெரியவில்லை. அதற்குள் யாரோ அவர் கையில் சூடான ரொட்டியும் அய்வரும் கொடுத்திருந்தார்கள். சாப்பிட்டு முடித்துத் தொப்பியைக் கழற்றினார். ஒரு கத்தி கேட்டு வாங்கி, மிளகாய்ச் சட்டியின் முன் சப்பணம் போட்டு உட்கார்ந்தார். வண்டியிலிருந்த மற்றவர்களும் இறங்கி உட்கார்ந்தார்கள். கருகிய தோல் அதிகாரியின் விரலெல்லாம் ஒட்டிக்கொண்டது. கழுவிவிட்டால் சுலபமாக வந்துவிடுமே என்று நினைத்தவர், மிளகாயைப் பக்கத்திலிருந்த தண்ணீர் வாளிக்குக் கொண்டுபோனார்.

திஹோமிர் பதறி வாயைத் திறந்தான்.

"தண்ணில முக்காதீங்க சார், ருசி போயிடும்," என்றது முற்றம் முழுக்க, ஒரே குரலில், தலை நிமிராமல்.

திஹோமிர் சொல்ல வந்ததும் அதையேதான். திறந்த வாயை வீணாக்காமல் அதில் ஒரு துண்டு ரொட்டியை வைத்து மெல்லத் தொடங்கினான்.